இளையவர்கள் குறைக்கிறார்கள், பெரியவர்கள் கூட்டுகிறார்கள்: குடிப்பழக்கத்தை எது மாற்றுகிறது?

மாலைநடை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் ஓடும் கேள்வி, விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று கேட்கிறேன்.

வேலையிடத்தில் விருந்து நடந்தால் இருபது சொச்சம் வயதுக்காரர்கள் பலர் மதுவைத் தொடுவதே இல்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் காரணம் சொல்வதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வேண்டாம் என்றால் ஒரு சாக்கு சொல்லியாக வேண்டும், மாத்திரை சாப்பிடுகிறேன், வண்டி ஓட்ட வேண்டும், இப்படி ஏதாவது. இன்னொரு பக்கம், ஓய்வு பெற்ற உறவினர்கள் சிலர் எப்போதாவது குடித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது தினமும் மாலையானால் கிளாஸை எடுத்துவிடுகிறார்கள். பெண்கள் விஷயத்திலும் என் பாட்டி காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்தப் பிள்ளைகள் நாற்பது வயதானால் அவர்களும் குடிக்க ஆரம்பித்துவிடுவார்களா, இல்லை இந்தத் தலைமுறையே வேறா? ஏழை, வசதியானவர், ஆண், பெண் என்று எல்லாரிடமும் மாற்றம் ஒரே திசையில் போகிறதா? சட்டம் போட்டு மாற்ற முடியுமா, அல்லது காலம் மாறினால்தான் மாறுமா? கருத்து மட்டும் இல்லாமல் எங்கே எப்போது என்ன நடந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அட்டவணை

நல்ல கேள்வி. சர்வே தரவுகளோடு வேலை செய்கிறவன் என்பதால் முதல் பகுதிக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று வயது. பதின்ம வயதின் கடைசியில் தொடங்கி இருபதுகளில் உச்சத்துக்குப் போய், வேலை, கல்யாணம், குழந்தை என்று வரும்போது ஒரே மூச்சில் நிறையக் குடிப்பது குறையும். ஆனால் வயதானவர்கள் தடவைக்குக் குறைவாகவும் அடிக்கடியும் குடிப்பார்கள், உங்கள் உறவினர்கள் செய்வது ஓரளவு இதுதான். இரண்டாவது காலகட்டம். போர், விலை ஏற்றம், பெருந்தொற்று மாதிரி எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் தொடுகிற விஷயங்கள். மூன்றாவது தலைமுறை. ஒருவர் தன் பதினாறு, பதினெட்டு வயதில் எந்தப் பழக்கத்தோடு வெளியே வந்தாரோ அதன் சுவடு கடைசி வரை கூட வரும். ஒரு வருடத்து சர்வேயை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது. ஒரே கேள்வியைப் பல பத்தாண்டுகள் கேட்டிருந்தால்தான் ஏதாவது சொல்லலாம்.

அப்படிக் கேட்ட இடங்களில் ஒன்று அமெரிக்கா. பள்ளியின் கடைசி வகுப்பு மாணவர்களிடம் 1975 முதல் ஒரு தேசிய சர்வே நடக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் மது குடித்தீர்களா என்ற கேள்விக்கு 1979 வாக்கில் 88 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். 2024 இல் 42 சதவீதம். பாதிக்கும் கீழே! அங்கே கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனத்தின் கணக்கில் 18 முதல் 34 வயதுக்காரர்களில் குடிப்பவர்கள் 2001-2003 இல் 72 சதவீதம், 2021-2023 இல் 62. அதே இருபது வருடத்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் 49 இல் இருந்து 59 க்கு ஏறியிருக்கிறார்கள். நீங்கள் உங்களைச் சுற்றிப் பார்ப்பது அப்படியே அதில் இருக்கிறது. வயது விளைவு மட்டும் என்றால் இரண்டு வரிசையும் இடம் மாறாமல் நின்றிருக்க வேண்டும். அந்த 55 வயதுக்காரர்கள், குடி உச்சத்தில் இருந்த 70களில் இளைஞர்களாக இருந்தவர்கள், அந்தப் பழக்கத்தை முதுமைக்குள் எடுத்து வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

பிரான்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். 1960களில் அங்கே ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின், இப்போது நாற்பது சொச்சம். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி உணவகத்தில் மது தரக்கூடாது என்று தடை வந்ததே 1956 இல்தான் என்றால் அதற்கு முந்தைய நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த இறக்கத்தில் பெரும்பங்கு, தினமும் சாப்பாட்டோடு ஒயின் குடித்த தலைமுறை மறைந்து, விருந்துக்கு மட்டும் குடிக்கிற தலைமுறை அந்த இடத்துக்கு வந்ததுதான். தனி மனிதர்கள் பெரிதாக மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள்.

அதனால் என் பதில்: இந்தப் பிள்ளைகள் முப்பது வயதில் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் முந்தைய தலைமுறை அந்த வயதில் இருந்த அளவுக்குப் போவார்கள் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சர்வேயில் மக்கள் ஒப்புக்கொள்ளும் அளவைக் கூட்டினால் பல நாடுகளில் விற்பனையான மதுவில் பாதி அளவுதான் தேறும். மீதியைக் குடித்தது யார்? பெரும்பாலும் நிறையக் குடிப்பவர்கள், அவர்கள் சர்வேக்காரர் கையில் சிக்குவதே குறைவு. எண்ணை நம்புங்கள், ஆனால் அது போகும் திசைக்காக மட்டும்.

பழஞ்சுவடி

அட்டவணை சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் குடி முன்பு அதிகம், இப்போது குறைவு என்று நேர்கோடாக நினைத்துவிடக் கூடாது. ஏறி இறங்கி ஏறியிருக்கிறது, ஒவ்வொரு ஏற்றத்திலும் முன்னால் நின்றது வெவ்வேறு கூட்டம்.

18ஆம் நூற்றாண்டு லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். தானியத்திலிருந்து சாராயம் காய்ச்சுவதை அரசாங்கமே ஊக்குவித்தது, நிலம் வைத்திருந்தவர்களுக்கு உபரித் தானியத்தை விற்க வழி வேண்டியிருந்தது. விளைவு, அடிமட்ட ஏழைகள், அதிலும் ஊரை விட்டு நகரத்துக்கு வேலை தேடி வந்த பெண்கள் உட்பட, பியரை விட்டு மலிவான ஜின்னுக்கு மாறினார்கள். 1736 இல் நாடாளுமன்றம் சில்லறையாக ஜின் விற்க ஆண்டுக்கு 50 பவுண்ட் உரிமக் கட்டணம் வைத்தது. கிட்டத்தட்ட யாருமே அதைக் கட்டவில்லை, தெருத்தெருவாகக் கள்ள விற்பனை நடந்தது, காட்டிக்கொடுத்தவர்களை மக்கள் அடித்தார்கள். 1743 இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். பிறகு 1751 இல் வேறு மாதிரி யோசித்து, வரியை ஏற்றி, காய்ச்சுகிறவர்கள் நேரடியாகச் சில்லறை விற்பதைத் தடுத்தார்கள். அதோடு விளைச்சல் கெட்டுத் தானிய விலையும் ஏறியது. இந்த முறை குறைந்தது. முதல் சட்டம் தோற்று இரண்டாவது நின்றதற்குக் காரணம், இரண்டாவது ஏழைகளை விரட்டுவதை விட்டுவிட்டு விநியோகத்தின் மேல் கை வைத்தது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 1830 வாக்கில் வயது வந்த ஒருவர் ஆண்டுக்குக் குடித்தது தூய ஆல்கஹால் கணக்கில் ஏழு காலன், அதாவது சுமார் 27 லிட்டர். இன்றைய அளவைப் போல மூன்று மடங்குக்கும் பக்கம். மேற்குப் பகுதியில் மக்காச்சோளம் கொட்டிக் கிடந்தது, அதை மூட்டையாக மலை தாண்டிக் கொண்டுவருவதை விட விஸ்கியாக்கிக் கொண்டுவருவது சுலபம். வேலைக்கு நடுவே ஒரு மடக்கு குடிப்பது வழக்கமாகவே இருந்தது. அப்புறம் பதினைந்து, இருபது வருடத்தில் அது பாதிக்கும் கீழே விழுந்தது, நாடு முழுக்க எந்தத் தடையும் இல்லாமலேயே! தேவாலயங்கள் நடத்திய பிரசாரம் ஒரு காரணம். இன்னொன்று, இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவன் தெளிவாக இருக்க வேண்டும் என்று முதலாளிகள் நினைக்க ஆரம்பித்தார்கள், முன்னேற நினைத்த நடுத்தர வர்க்கமும் குடிக்காமல் இருப்பதைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. ஆனால் குடிக்காமை மேல்தட்டிலிருந்து திணிக்கப்பட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் பிரெஸ்டன் ஊரில் 1832 இல் ஜோசப் லைவ்சி என்பவரோடு சேர்ந்து முழுக்கக் குடியை விடுவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் உழைக்கிற மக்கள். மேல்தட்டு அப்போது ஏழைகள் சாராயத்தை விட்டால் போதும், ஒயினும் பியரும் பரவாயில்லை என்றுதான் பேசிக்கொண்டிருந்தது, தாங்கள் குடிப்பது ஒயின் என்பதால்!

சட்டத்தால் முடியுமா என்று கேட்டீர்கள். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் செய்ததைப் பாருங்கள். போருக்கு முன்பு லண்டன் மதுக்கூடங்கள் விடியற்காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு தாண்டி மூடும். 1915 இல் அதை நாளுக்கு ஐந்தரை மணி நேரமாகக் குறைத்தார்கள், பியரின் வலுவைக் குறைத்தார்கள், அதோடு ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கித் தரக்கூடாது என்றே ஓர் உத்தரவு போட்டார்கள். ஆமாம், நண்பனுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தால் அபராதம். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் அதைப் போட்டவர்களுக்குக் குடி எப்படிப் பெருகுகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கொரு சுற்று வாங்க வேண்டும், வாங்கினால்தான் மரியாதை, அதனால் ஒரு கிளாஸ் குடிக்க வந்தவன் நாலு குடித்துவிட்டுப் போவான். அந்தக் கணக்கை உடைத்தார்கள். குடித்துவிட்டுத் தகராறு செய்து தண்டனை பெற்றவர்கள் எண்ணிக்கை சரிந்தது. பிற்பகலில் மூடி வைக்கும் விதி 1988 வரை நீடித்தது.

மாலைநடை

இருவருக்கும் நன்றி. அந்த வாங்கித் தரக்கூடாது உத்தரவைப் படித்ததும் எங்கள் பழைய அலுவலக நினைவுதான் வந்தது, அங்கேயும் குடித்தது பாதி விருப்பத்தில், மீதி யார் முகமும் கோணக்கூடாது என்று. பெண்களைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். அமெரிக்க மதுவிலக்கு பற்றியும், அது முழுத் தோல்வி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

நிலாமுற்றம்

மதுவிலக்கிலிருந்தே பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன், ரொம்பப் பொருத்தமான வழி.

1920 முதல் 1933 வரை நடந்த அந்தத் தடையைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள், 1874 இல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் அன்றைய மிகப் பெரிய பெண்கள் அமைப்புகளில் ஒன்று. சம்பளத்தைக் குடித்துவிட்டு வருகிற கணவன், அவனை விட்டுப் போகவோ சொத்து வைத்துக்கொள்ளவோ பெரிதாக உரிமை இல்லாத மனைவி, இதுதான் அவர்கள் கோபத்தின் வேர். தடை வந்த ஆரம்ப ஆண்டுகளில் குடி முந்தைய அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு விழுந்தது என்றும், பிறகு அறுபது, எழுபது சதவீதம் வரை திரும்ப ஏறியது என்றும் பொருளாதார அறிஞர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். எனவே முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது, கொலையும் கள்ளக்கடத்தலும் கூடியதையும் மறைக்க முடியாது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பழைய மதுக்கூடம் ஆண்களின் இடம். அதை மூடியதும் முளைத்த ரகசிய விடுதிகளில் இசை, நடனம், மேஜை நாற்காலி எல்லாம் இருந்தது, நகரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து பொது இடத்தில் குடிக்கத் தொடங்கியது அங்கேதான். தடை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஸ்வீடனில் வேறு கதை. 1955 வரை அங்கே மது வாங்க ரேஷன் புத்தகம் வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பது வருமானம், வேலை, நடத்தை எல்லாம் பார்த்து முடிவானது. கல்யாணமான பெண்ணுக்குத் தனிப் புத்தகமே கிடையாது, கணவனுடையது போதும் என்றார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த அளவு. அரசே எந்த வர்க்கம் எந்தப் பாலினம் எவ்வளவு குடிக்கலாம் என்று எழுதி வைத்த இடம் அது. பெண்கள் இயற்கையாகவே குறைவாகக் குடிப்பவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். குறைவாக இருந்ததில் உடம்பின் பங்கு கொஞ்சம், பணமும் அனுமதியும் ஊர் வாயும் நிறைய.

2016 இல் ஓர் ஆய்வு பல நாடுகளில் நடந்த 68 ஆய்வுகளைச் சேர்த்து, நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தகவலைப் பிறந்த ஆண்டுவாரியாகப் பார்த்தது. 1900களின் தொடக்கம் வரை பிறந்தவர்களில் பெண்களை விட ஆண்கள் குடிப்பதற்கான வாய்ப்பு 2.2 மடங்கு. 1990களில் பிறந்தவர்களிடம் 1.1 மடங்கு, ஏறக்குறைய சமம். குடியால் வரும் பாதிப்புகளில் இருந்த இடைவெளியும் 3.6 இல் இருந்து 1.3 ஆகச் சுருங்கியது.

இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு வேலை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, தனியாக வெளியே போகும் உரிமை கிடைத்தது, எல்லாம் போராடி வாங்கியது. பின்னாலேயே மது நிறுவனங்கள் அதே சுதந்திரத்தைப் படம் போட்டு விற்றன. அதே அளவு குடித்தாலும் பெண் உடம்பில் நீர் குறைவு என்பதால் ரத்தத்தில் ஆல்கஹால் அதிகம் ஏறும், மார்பகப் புற்றுநோய் ஆபத்து குறைந்த அளவிலேயே தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு மதுவைப் புற்றுநோய்க் காரணி என்று 1988 லேயே அறிவித்தது. எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? பல நாடுகளில் படித்த, நல்ல வேலையில் இருக்கும் பெண்கள்தான் மற்ற பெண்களை விட அதிகம் குடிக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரவுப்பணி

கல்லீரல் நோயாளிகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். மாலைநடை கேட்ட ஏழை, வசதியானவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் மனசு கேட்காது.

வசதியானவர்கள் பெரும்பாலான நாடுகளில் அதிகப் பேர் குடிக்கிறார்கள், அடிக்கடி குடிக்கிறார்கள். ஏழைகளில் குடிக்காதவர்கள் அதிகம், சராசரி அளவும் பெரும்பாலும் குறைவு அல்லது சமம். ஆனால் குடியால் சாகிறவர்கள் ஏழைகளில்தான் அதிகம். இதை ஆய்வாளர்கள் புதிர் என்றே குறிப்பிடுகிறார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறவளுக்கு அது அவ்வளவு புதிராகத் தெரியவில்லை. குடிப்பவர்கள் குறைவு என்றாலும் குடிப்பவர்கள் ஒரே மூச்சில் நிறையக் குடிக்கிறார்கள், கூடவே புகை, சரியில்லாத சாப்பாடு, தூக்கம் கெடுக்கும் வேலை, முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவது. வசதியானவர் ஒருவர் தடுமாறினால் வீட்டார், மருத்துவர், விடுப்பு தரும் மேலாளர் என்று நாலு பேர் பிடிக்க இருக்கிறார்கள். இவருக்கு ஒரு நாள் வராவிட்டால் வேலை போய்விடும், வேலை போனால் குடி கூடும்.

அதனால்தான் சராசரி குறைந்தது என்று சொல்லும்போது எனக்கு உடனே சந்தோஷம் வருவதில்லை. யாருக்குக் குறைந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. பெருந்தொற்று வந்தபோது பல நாடுகளில் மிதமாகக் குடித்தவர்கள் குறைத்தார்கள், ஏற்கனவே நிறையக் குடித்தவர்கள் கூட்டினார்கள். அமெரிக்காவில் 2019 க்கும் 2020 க்கும் நடுவே மது தொடர்பான மரணங்கள் கால் பங்கு கூடின.

சட்டம், விலை இரண்டும் வேலை செய்யும், அதுவும் கீழ்த்தட்டில்தான் அதிகம் வேலை செய்யும், நல்லதற்கும் கெட்டதற்கும். பின்லாந்து 2004 இல் மது வரியை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, பக்கத்து எஸ்டோனியாவிலிருந்து மலிவாக வந்துவிடும் என்ற பயத்தில். குடியால் வரும் மரணம் ஏறியது, ஏறியது பெரும்பாலும் வசதி குறைந்தவர்களிடம். ஸ்காட்லாந்து 2018 இல் எதிர்ப்பக்கம் போனது, மதுவின் வலுவுக்கு ஏற்ப இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தது. மதுவால் மட்டுமே நேரும் மரணங்கள், அது இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதை விட 13.4 சதவீதம் குறைந்தன என்று மதிப்பீடு வந்தது, மிக ஏழ்மையான பகுதிகளில்தான் குறைவு அதிகம். விலை ஏற்றுவது ஏழையின் சின்ன சந்தோஷத்தைப் பறிப்பது என்று வாதாடுகிறவர்களை எங்கள் வார்டுக்கு ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லலாம்.

ரஷ்யாவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1985 இல் அன்றைய சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இறங்கினார், ஆண்களின் சராசரி ஆயுள் 62 இல் இருந்து இரண்டே வருடத்தில் 65 க்கு வந்தது. மக்களுக்குப் பிடிக்கவில்லை, வரி வருமானம் போனது, கைவிட்டார்கள். நாடு உடைந்து எல்லாம் சரிந்த 1994 இல் அந்த எண் 58 க்கும் கீழே. மதுவே ஒரே காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணம். பிறகு 2000களின் நடுவிலிருந்து இரவு விற்பனைத் தடை, வோட்காவுக்குக் குறைந்தபட்ச விலை, அதுவரை உணவுப் பொருளாகக் கணக்கிடப்பட்ட பியரை மது என்றே அறிவித்தது, இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்தார்கள். 2003 முதல் 2016 வரை குடி 43 சதவீதம் குறைந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தெளிந்தநீர்

நான் குடியை விட்டவன், அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். அட்டவணை அண்ணா, ஒரு இடத்தில் உங்களோடு மாறுபடுகிறேன். இளையவர்கள் குறைக்கிறார்கள் என்று சொல்லும்போது எல்லா இளையவர்களுமா? குடியை விட நினைப்பவர்களுக்காக நடக்கும், நான் போகும் கூட்டங்களுக்கு வரும் இருபது வயதுப் பிள்ளைகள் நான் அந்த வயதில் குடித்ததை விட அதிகம் குடித்துவிட்டு வருகிறார்கள். மொத்தக் கூட்டமும் நகர்கிறதா, இல்லை மிதமானவர்கள் முழுக்க விட்டுவிட, மீதி இருப்பவர்கள் இன்னும் ஆழமாகப் போகிறார்களா?

இன்னொன்று, இதையெல்லாம் போனும் சமூக வலைத்தளமும் செய்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வட ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பதின்ம வயதுக் குடி இறங்க ஆரம்பித்தது 2000 ஐ ஒட்டி, அப்போது கையில் ஸ்மார்ட்போன் எங்கே இருந்தது? பெற்றோர் கண்டிப்பானது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தது, அதை நான் அதிகம் நம்புகிறேன். ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1998 இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016 இல் 5 சதவீதம். அவர்கள் குடி கெட்டது என்று பாடம் எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை, நடனத்துக்குப் பணம் கொடுத்தார்கள், பெற்றோர் ஒன்றாக உட்கார்ந்து எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்கு மது கிடையாது என்று ஒப்பந்தம் போட்டார்கள், இரவில் ஒரு நேரத்துக்குப் பிறகு வெளியே சுற்றக் கூடாது என்ற விதியை ஒழுங்காக நடத்தினார்கள். ஒரு வீடு மட்டும் கண்டிப்பாக இருந்தால் பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போகும், எல்லா வீடும் சேர்ந்து மாறினால் போக இடமில்லை.

குடி குணத்தில் இருக்கிறது, ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு ஜப்பானிய ஆய்வு ஒன்றைக் காட்டுவேன். கிழக்காசியர்களில் பலருக்கு ஆல்கஹாலை உடம்பு முழுதாக உடைக்க முடியாத மரபணு வகை உண்டு, கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து குமட்டும், அதனால் அவர்கள் பொதுவாகக் குடி அடிமைகளாவதில்லை. ஜப்பானில் குடி நோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர்களில் இந்த மரபணு உள்ளவர்கள் 1979 இல் 2.5 சதவீதம், 1992 இல் 13 சதவீதம். பதிமூன்று வருடத்தில் மரபணு மாறாது. வேலை முடிந்து மேலதிகாரியோடு குடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், உடம்பு வேண்டாம் என்று கத்தியவர்களையும் உள்ளே இழுத்திருக்கிறது. இன்று அதே ஜப்பானில் இளையவர்கள் குடிக்காததால் வரி வருமானம் குறைகிறது என்று 2022 இல் அரசின் வரித்துறையே இளைஞர்களைக் குடிக்க வைக்க யோசனை கேட்டுப் போட்டி நடத்தியது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அட்டவணை

தெளிந்தநீர், நீங்கள் கேட்டது இந்தத் துறையிலேயே பெரிய சண்டை. நார்வே ஆய்வாளர் ஓலே யோர்கென் ஸ்கூக் 1985 இல் எழுதினார்: ஒரு சமூகத்தில் குடி ஏறினாலும் இறங்கினாலும் கொஞ்சம் குடிப்பவர் முதல் மிக அதிகம் குடிப்பவர் வரை எல்லாரும் சேர்ந்தே நகர்வார்கள், ஏனென்றால் ஒவ்வொருவர் குடிப்பதும் அவரைச் சுற்றியிருப்பவர்கள் குடிப்பதைப் பொறுத்தது. பழஞ்சுவடி சொன்ன சுற்று வாங்கும் கதை அதேதான். இதற்கு எதிர்த்தரப்பு, நீங்கள் சொன்ன மாதிரி கூட்டம் இரண்டாகப் பிரிகிறது என்கிறது. ஸ்வீடன் இளைஞர்களைப் பற்றியே இரண்டு முடிவுகளும் வந்திருக்கின்றன. முதலில் பிரிவதாகச் சொன்னார்கள், இன்னும் சில வருடத் தரவு சேர்ந்த பிறகு மேல்வரிசையில் இருந்தவர்களும் குறைத்திருப்பது தெரிந்தது.

எனக்கு இதில் நம்பிக்கையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஸ்கூக் சொன்னது ஒரே வட்டத்தில் பழகுகிறவர்களுக்குப் பொருந்தும். வசதியானவரும் ஏழையும் ஒரே இடத்தில் உட்காராத, ஒரே பள்ளிக்குப் போகாத ஊரில் ஒரு வட்டம் இறங்கும்போது இன்னொன்று அப்படியே நிற்கலாம், இரவுப்பணி பார்ப்பது அந்த இன்னொரு வட்டத்தை. நீங்கள் கூட்டங்களில் பார்க்கும் பிள்ளைகளும் உண்மை, என் அட்டவணையும் உண்மை. உதவி தேடி வருகிறவர்கள் எப்போதும் மேல்முனையில் இருப்பவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உலகத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2019 இல் மது குடித்தவர்கள் 44 சதவீதம்தான், பாதிக்கு மேல் தொடவே இல்லை. அந்த வருடம் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம், அதில் 20 லட்சம் பேர் ஆண்கள்.

மாலைநடை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. பெரியவர்கள் பக்கம்தான் எனக்கு இப்போது கவலை கூடியிருக்கிறது. இரவுப்பணி சகோதரி, தினமும் குடிக்கும் ஒரு மாமாவை நாளையிலிருந்து அடியோடு நிறுத்தச் சொல்லலாமா? அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

இரவுப்பணி

நாளையிலிருந்து அடியோடு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ரொம்ப நாளாகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையோடு போகலாம், வலிப்பும் வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததைப் பார்ப்பதும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. எவ்வளவு குடிக்கிறார் என்று உண்மையான அளவோடு முதலில் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைப்பதா, மருத்துவமனையில் வைத்து நிறுத்துவதா என்று அவர்கள் சொல்வார்கள். வயதான உடம்பில் நீர்ச்சத்து குறைவு, ஐம்பது வயதில் தாங்கிய அளவு இப்போது இன்னும் அதிகமாக வேலை காட்டும், விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறவர்களில் இதை நிறையப் பார்க்கிறோம். சில சர்க்கரை மாத்திரைகளோடு மது சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும், வெறும் வயிற்றில் குடித்தால் இன்னும் மோசம், போதையில் தூங்குகிறார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். முடிந்தால் அவர் தனியாக உட்காரும் அந்த மாலை நேரத்தில் யாராவது கூட இருங்கள், வேலையை விட்ட பிறகு பலருக்கு அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான் இது தொடங்குகிறது.